கூடு உள்ளே, இரை வெளியே

ஓர் ஏரியில் நாரைகள் கூடு கட்டத் தொடங்கினால் கூடவே ஒரு கோரிக்கையும் எழுந்துவிடுகிறது. சரணாலயமாக அறிவியுங்கள், சுற்றிலும் வேலி போடுங்கள், ஆடு மாடுகளை உள்ளே விடாதீர்கள், ஊராரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பறவைகள்மீது உண்மையான அன்பு கொண்டவர்கள்தாம். ஆனால் அந்தக் கோரிக்கைக்கு அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. இயற்கைக்கு எதிரி மனிதன். அவனை விலக்கிவிட்டால் இயற்கை தானே தழைக்கும். விலக்கும் அதிகாரம் அரசிடம் இருப்பதால் பல்லுயிரைக் காப்பது அரசின் வேலை. ஊர் மக்களுக்கு வேண்டியது விழிப்புணர்வு மட்டுமே. மேடைகளிலும் தலையங்கங்களிலும் அலுவலகக் கோப்புகளிலும் இன்று செல்வாக்கோடு இருப்பது இந்தப் பார்வைதான்.

இது தவறு என்பதே என் வாதம். மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்பதற்காக மட்டும் நான் இதை எதிர்க்கவில்லை. எந்தப் பறவைகளின் பெயரால் இது முன்வைக்கப்படுகிறதோ அந்தப் பறவைகளையே இது கைவிட்டுவிடுகிறது. ஏரியும் வயலும் கலந்து கிடக்கும் நம் நிலத்தில் எந்த ஒரு துறையாலும் தனித்து நின்று உயிரினங்களைக் காக்க முடியாது. பாசன விவசாயி, மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், ஊராட்சி, நீர்வளத் துறை, வனத்துறை, பறவை ஆய்வாளர் எல்லாரும் முடிவெடுக்கும் இடத்தில் ஒன்றாக உட்கார்ந்தால்தான், அதுவும் ஓர் ஏரிக்கென்று இல்லாமல் ஓர் ஆற்றுப்படுகை முழுமைக்குமாக உட்கார்ந்தால்தான், அது நடக்கும்.

வேடந்தாங்கலிலிருந்து தொடங்குகிறேன். சரணாலயம் என்றதும் எல்லாரும் முதலில் காட்டும் சான்று அதுதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய பாசன ஏரி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு ஒப்புக்கொண்டு கவுல் என்னும் உரிமைச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அந்தச் சாசனம் தொலைந்துபோனதால் 1858இல் ஊரார் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். சரணாலயம் என்ற அங்கீகாரம் 1936இல்தான் வந்தது. சென்னை வனச் சட்டத்தின் கீழ் வந்தது 1962இல். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லையாக அறிவிக்கப்பட்டது 1998இல். கவுலுக்கும் சரணாலய அங்கீகாரத்துக்கும் இடையில் மட்டும் 138 ஆண்டுகள். அவ்வளவு காலமும் அந்தப் பறவைகளுக்குக் காவல் இருந்தது ஊர். ஊர் செய்துகொண்டிருந்ததை அரசு பின்னால் வந்து முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டது.

ஊர் ஏன் காத்தது? பாசமும் நம்பிக்கையும் இருந்தன; அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கூடவே ஒரு நலனும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் மடைவழியே வயலுக்குப் பாய்ந்தது. அந்தத் தண்ணீரே உரம் என்பதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். பறவைக்கு ஊரின் மரமும் நீரும், ஊருக்குப் பறவையின் எச்சம். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பாதுகாப்பு நின்றது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இதே கதைதான். அங்கே நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. வாசலில் விழும் எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, தீபாவளிக்கு வெடி போடாமல், தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கும் ஊர் அது. அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1994இல். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகப் பட்டாசை விட்டுக்கொடுத்து எத்தனையோ தீபாவளிகள் கடந்துவிட்டன. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது நாடு பெருமைப்பட்டது. அந்தப் பெருமையின் உரிமையாளர்கள் யார் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

இனி வேலிக் கொள்கையின் முதல் தூணைப் பார்ப்போம்: இடத்தை அடைத்துவிட்டால் உயிர் பிழைத்துவிடும் என்பது. ஒரு கொக்கேரியில் பறவைகள் கூடு கட்டுகின்றன, முட்டையிடுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன. ஆனால் அங்கே இருந்தபடியே அவை வயிறு நிரப்பிக்கொள்வதில்லை. வேடந்தாங்கலின் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் நெருக்கியடித்துக் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைகளுக்கும் அரிவாள்மூக்கன்களுக்கும் கரண்டிவாயன்களுக்கும் 30 ஹெக்டேர் ஏரி எப்படிச் சோறு போடும்? அவை நாள்தோறும் பறந்து போய்ச் சுற்றுவட்டார ஏரிகளிலும் தாங்கல்களிலும் நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் மேய்ந்து, நத்தையும் மீனும் தவளையும் பூச்சியும் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. கூடு வேலிக்குள் இருக்கலாம். இரை வேலிக்கு வெளியில்தான் இருக்கிறது. அந்த வயல்கள் மனையாகிவிட்டால், அங்கே பூச்சிக்கொல்லி நஞ்சு நிறைந்துவிட்டால், பக்கத்து ஊர்த் தாங்கல் தூர்ந்துவிட்டால் வேலிக்குள் இருக்கும் கூடு வெறுங்கூடாகிவிடும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை மிகச் சில. இந்தியா முழுமைக்கும் பார்த்தாலும் தேசியப் பூங்கா, சரணாலயம் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட பகுதிகள் நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். மீதி 95 விழுக்காட்டில் யாரை விலக்கப் போகிறோம்? அங்கே உழவர் இருக்கிறார், நெல் இருக்கிறது, மாடு இருக்கிறது, ஊர் இருக்கிறது. நம் பறவைகளும் ஆமைகளும் நாட்டு மீன்களும் அங்கேதான் இருக்கின்றன. விலக்குவதை மட்டுமே தன் கருவியாகக் கொண்ட ஒரு கொள்கைக்கு இந்த நிலத்தில் செய்வதற்கு எதுவுமே இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஏரி தானாக உண்டான காடு அன்று. கரை கட்டி, மடை வைத்து, கலிங்கு அமைத்து, வரத்துக்கால் வெட்டி, வண்டலை அள்ளி, நீரைப் பங்கிட்டு மனிதர்கள் நடத்திவரும் அமைப்பு அது. நீரைப் பங்கிடும் நீர்க்கட்டியும் மடையைத் திறந்து மூடும் மடைக்குடும்பனும் இல்லாமல் அது இயங்கியதில்லை. கோடையில் வற்றும், மழையில் நிறையும், அறுவடைக்குப் பின் மாடு மேயும், வண்டல் வயலுக்குப் போகும். இந்தச் சுழற்சிக்குப் பழகித்தான் பறவைகள் இங்கே வாழ்கின்றன. ஓரத்துச் சேற்றில் உள்ளானும் உப்புக்கொத்தியும், முழங்கால் ஆழத்தில் நாரையும் கரண்டிவாயனும், ஆழத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் என்று ஒவ்வொன்றும் தனக்கேற்ற ஆழத்தில் இரை தேடுகிறது. அந்த ஆழங்களை உண்டாக்கியது மனித உழைப்பு. உழைப்பை வெளியே அனுப்பிவிட்டு அதன் விளைவை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது.

இது வெறும் ஊகமில்லை. இந்த நாட்டிலேயே ஒருமுறை செய்து பார்க்கப்பட்டது. ராஜஸ்தானில் பரத்பூருக்கு அருகே உள்ள கேவலாதேவ், 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நன்னீர்ச் சதுப்பு. மன்னர்கள் அணை கட்டி நீர் தேக்கி உருவாக்கிய வாத்து வேட்டைக் களம், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பறவைப் பூங்காவாயிற்று. சுற்றூர் மக்களின் எருமைகள் காலங்காலமாக அங்கே மேய்ந்துவந்தன. 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக்கப்பட்டபின், எருமைகள் பறவைகளுக்குக் கேடு என்று கருதி, 1982 நவம்பரில் மேய்ச்சலை முற்றிலும் தடை செய்தார்கள். நாட்டின் தலைசிறந்த பறவையியலாளர் சலீம் அலியும் அந்தத் தடையை ஆதரித்தார். மக்கள் எதிர்த்துத் திரண்டார்கள், காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின.

அதன் பிறகு நடந்ததை வேலிக் கொள்கையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்வு செய்தது, வி. எஸ். விஜயன் அதற்குத் தலைமை வகித்தார். எருமைகள் வெளியேறியதும் நீரில் ஒருவகைப் புல் தட்டிக்கேட்க ஆளின்றி மண்டியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. மீன்களுக்கும் வாத்துகளுக்கும் வேறு பல நீர்ப்பறவைகளுக்கும் இடம் குறைந்தது. பறவைகளுக்காக வெளியேற்றப்பட்ட எருமைதான் பறவைகளுக்கான நீரைத் திறந்து வைத்திருந்தது என்ற முடிவுக்கு அந்த ஆய்வு வந்தது. தடையை ஆதரித்த சலீம் அலி சார்ந்த அதே கழகம் இதைச் சொன்னது. அது அறிவியலின் நேர்மை. நம் கொள்கைக்கு அந்த நேர்மை இன்னும் வந்தபாடில்லை.

கேவலாதேவின் பாடம் அத்தோடும் நிற்கவில்லை. அதற்கு மதில் இருந்தது, காவலர் இருந்தனர், 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மகுடமும் இருந்தது. ஆனால் தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டும். பூங்காவுக்கு நீர் தரும் கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் கட்டப்பட்ட பாஞ்சனா அணையில் நீர் நிறுத்தப்பட்டபோது, 2000களின் நடுவில் பூங்கா வறண்டது; பறவைகள் இறங்காத பருவங்களும் வந்தன. அணைப்பகுதி விவசாயிகளுக்கும் தண்ணீர் வேண்டும், பூங்காவுக்கும் வேண்டும். இந்தச் சிக்கலை வனக்காவலரின் தடியால் தீர்க்க முடியுமா? ஆற்றின் மேலும் கீழும் இருப்போர் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். உள்ளே பரவிய சீமைக்கருவேலத்தை அகற்றுவதற்கும் கடைசியில் சுற்றூர் மக்களின் கைகளே தேவைப்பட்டன.

இரண்டாவது தூண்: பொதுச்சொத்தை மக்களிடம் விட்டால் பாழாகும் என்பது. 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த நம்பிக்கை உலகெங்கும் பரவியது. ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விடுவார்கள், மேய்ச்சல் நிலம் அழியும் என்றார் அவர். ஆனால் அவர் வருணித்தது எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நிலத்தை. நிர்வாகம் இல்லாத பொதுநிலத்தைப் பற்றியே தன் வாதம் என்று பின்னாளில் அவரே தெளிவுபடுத்தினார். எலினார் ஆஸ்ட்ரம் உலகின் பல பகுதிகளில் பாசன அமைப்புகள், மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடித் துறைகள் எப்படி ஊர்க்கட்டுப்பாட்டில் நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கின்றன என்று காட்டி 1990இல் நூல் எழுதினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தெளிவான எல்லை, பயன்படுத்துவோரே வகுத்த விதி, மீறினால் படிப்படியான தண்டனை, சச்சரவைத் தீர்க்க ஓர் இடம், அந்த விதிகளை மேலிருக்கும் அரசு மதிப்பது. இவை இருந்தால் பொதுச்சொத்து நிற்கும். நம் ஏரிப்பாசன ஊர்களின் பழைய முறையும் இதுதான்.

அப்படியானால் ஏரிகளைப் பாழாக்கியது யார்? சென்னையில் மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பியது ஆடு மேய்ப்பவர் அல்லர். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் வள்ளுவர் கோட்டத்தைக் கட்டியதும் ஊர்க்கூட்டம் அன்று. பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிப் பக்கம் நகரத்தின் குப்பையை மலைபோல் குவித்தது மாநகராட்சி. மதுரையில் உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில் உயர் நீதிமன்றக் கிளையே எழுந்து நிற்கிறது. தனியார் ஆக்கிரமிப்பு உண்டு. ஊர்ப் பெரிய மனிதர்களின் ஆக்கிரமிப்பும் உண்டு. ஆனால் நம் நீர்நிலைகள்மீது விழுந்த பெரிய அடிகள் அரசாணையோடு விழுந்தவை. மக்களிடமிருந்து காப்பாற்ற அரசிடம் கொடுங்கள் என்று சொல்பவர்கள், அரசிடமிருந்து காப்பாற்ற யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி இரண்டு முறை நேராகவே எழுந்தது. 2020இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தது. அதைக் கொண்டுவந்தது வனத்துறையேதான். சுற்றூர் விவசாயிகளும் மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள், முன்மொழிவு கைவிடப்பட்டது. இரையெடுக்கும் வயல்களையும் ஏரிகளையும் எல்லைக்கு வெளியே தள்ளுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மற்றொன்று அரிட்டாபட்டி. மதுரை மேலூர்ப் பக்கம் குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும் சமணப் படுகைகளும் தமிழிக் கல்வெட்டும் ஒருங்கே அமைந்த ஊர். ஏறத்தாழ 250 பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன; லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும் அவற்றில் உண்டு. பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது; பரப்பு 193 ஹெக்டேர். அடுத்த ஈராண்டில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஒன்றிய அரசால் ஏலத்தில் விடப்பட்டது தெரியவந்தது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு அந்த ஏலத்தைத் தடுக்கவில்லை. கிராம சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். அதே மாதத்தில் ஏலம் ரத்தானது. காகிதத்தில் இருந்த பாதுகாப்புக்கு உயிர் கொடுத்தது மக்களின் கால்கள். அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட யாரும் போகவில்லை, விழித்திருந்தது அவர்கள்தாம்.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைக் கடந்து போக மாட்டேன். எல்லா ஊரும் வேடந்தாங்கல் ஆகிவிடாது என்பார்கள். உண்மை. ஏரிகளில் கண்ணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நஞ்சு வைத்து வாத்து பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் பறவைகளை வெடி போட்டு விரட்டுவதும், கடைசி மீனையும் பிடித்துவிட நீரை வெளியேற்றுவதும் நடக்கிறது. ஊர் என்பது ஒரே மனம் கொண்டதும் அன்று. சாதி இருக்கிறது. நிலமுள்ளவர் ஊர்க்கூட்டத்தில் பேசுகிறார். ஏரியையே நம்பி மீன் பிடித்து, புல் அறுத்து, மாடு மேய்த்துப் பிழைக்கும் நிலமற்றவர் வெளியே நிற்கிறார். பெண்கள் குரல் கேட்பதில்லை. ஊரின் பெயரால் ஒரு சிலர் ஏரியை ஆள்வதும் உண்டு.

இவையெல்லாம் மெய்யான குறைகள். ஆனால் இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு என்ன? வேட்டையைத் தடுக்கச் சட்டம் வேண்டும், சட்டத்தைச் செலுத்த வனத்துறை வேண்டும் என்பது சரி. நான் அரசை வெளியே போகச் சொல்லவில்லை. அரசு மட்டுமே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். வேடந்தாங்கல் ஊரார்கூடத் துப்பாக்கியோடு வந்தவர்களைத் தடுக்கக் கலெக்டரின் கையெழுத்தைத் தேடித்தான் போனார்கள். ஊரின் காவலும் அரசின் சட்டமும் ஒன்றையொன்று தாங்கியதால்தான் அந்த ஏரி பிழைத்தது. ஊரில் ஏற்றத்தாழ்வு இருப்பது, நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் குழுவில் உறுதியான இடம் கொடுப்பதற்கான காரணம். ஊர் முழுவதையும் வெளியேற்றுவதற்கு அது காரணமாகாது. வெளியேற்றினால் முதலில் அடிபடுவதும் அதே நிலமற்றவர்தான். நிலமுள்ளவருக்குப் பம்புசெட் இருக்கும். ஏரியை இழந்த மேய்ப்பருக்கு வேறெதுவும் இல்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஓர் ஏய்ப்பு நடக்கிறது. கூட்டுப் பாதுகாப்பா, ஆகட்டுமே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமே என்பார்கள். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கச் சொன்னது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொன்னது. மிக நல்ல எண்ணம். ஆனால் பல ஆண்டுகள் பெரும்பாலான ஊர்களில் குழுவே இல்லை. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. 2020 ஜனவரி 31க்குள் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயம் கெடு வைத்தது. உடனே நாடெங்கும் குழுக்கள் முளைத்தன. இன்று கணக்கில் இரண்டரை லட்சத்துக்கும் மேல். உங்கள் ஊராட்சியின் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். குழு இருப்பதே தெரியாது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நிதி இல்லாத, கூட்டமே கூடாத, எதையும் மறுக்கும் அதிகாரம் இல்லாத குழுவைக் கூட்டுப் பாதுகாப்பு என்று அழைப்பது மக்களை ஏமாற்றுவதாகும். மரக்கன்று நடும் விழாவும் மாணவர் பேரணியும் கூட்டாகிவிடாது. முடிவைத் தான் எடுத்துவிட்டுக் கைதட்ட மட்டும் ஊரை அழைப்பது, விலக்குவதன் இன்னொரு வடிவமே.

மெய்யான கூட்டு எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே ஒரு தொடக்கம் இருக்கிறது. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் நெல்லை, தூத்துக்குடி வட்டார இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் சேர்ந்து இதை நடத்துகின்றன. மாணவர்கள், ஆசிரியர்கள், பல துறையினர், ஊர்க்காரர்கள் எனத் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரிந்து திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் குளங்களுக்குப் போகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை சரணாலயங்கள் அல்ல. சாதாரணப் பாசனக் குளங்கள். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் பறவை எந்தெந்தக் குளங்களை நம்பியிருக்கிறது, வரித்தலை வாத்து எங்கே இறங்குகிறது, எந்தக் குளம் கழிவுநீரால் கெடுகிறது என்பதெல்லாம் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. ஒரு குளத்தைத் தனியே பார்க்காமல் ஒரு படுகையையே ஒரே உயிராகப் பார்க்கும் பார்வை இது. திருப்பூரில் நஞ்சராயன் குளத்தின் மதிப்பை வெளியே கொண்டுவந்ததும் அந்நகரின் இயற்கை ஆர்வலர்களின் இடைவிடாத பதிவுதான். அது 2022இல் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

கணக்கெடுப்போடு நிற்காமல் இந்தக் கூட்டு குளத்து நிர்வாகத்துக்குள் போக வேண்டும். இன்று ஒரே குளத்துக்கு ஐந்து எஜமானர்கள். கரையும் மடையும் நீர்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். உள்வாயில் நட்ட கருவேல மரங்களை வனத்துறை ஏலம் விடுகிறது. மீன்பாசியை வேறொரு துறை குத்தகைக்கு விடுகிறது. வண்டல் அள்ள அனுமதி வருவாய்த் துறையின் வழியே வருகிறது. நீர் திறப்பதை அணைப் பொறியாளர் முடிவு செய்கிறார். பறவை கூடு கட்டியிருக்கும் மரம் ஏலத்தில் வெட்டப்படுவது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை; மரத்தை விற்பவருக்குக் கூடு தெரியாது, கூட்டைத் தெரிந்தவருக்கு ஏலத்தில் இடம் இல்லை.

ஊராரே சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் பழைய முறையான குடிமராமத்து 2017இல் மீண்டும் கையிலெடுக்கப்பட்டபோது ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. பல இடங்களில் அது இயந்திரத்தை இறக்கிக் குளத்தைத் தொட்டிபோல் ஒரே ஆழத்துக்குத் தோண்டுவதாகக் குறுகிவிட்டது. சரிவான ஓரம் போனால் சேற்றில் மேயும் பறவைக்கு இடம் இல்லை. மண்திட்டும் மரமும் போனால் கூட்டுக்கும் வழி இல்லை. பறவை அறிந்தவர் ஒருவரும் மாடு மேய்ப்பவர் ஒருவரும் அந்தத் திட்டக் கூட்டத்தில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் தோண்டலாம், எந்தப் பக்கம் விடலாம் என்று ஒரு மணி நேரத்தில் பேசி முடித்திருக்கலாம்.

ஆகவே நான் கேட்பவை எளிமையானவை. ஒவ்வொரு படுகைக்கும் ஒரு நிரந்தரக் கூட்டுமன்றம் வேண்டும். 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த விவசாயிகள் சங்கங்கள், ஊராட்சிகளின் பல்லுயிர்க் குழுக்கள், மீனவர், மேய்ப்பர், குளத்தை நிர்வகிக்கும் துறைகள், ஆய்வாளர்கள் எல்லாரும் அதில் இடம்பெற வேண்டும். மர ஏலம், மீன்பாசிக் குத்தகை, தூர்வாரல் மூன்றும் அந்த மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நடக்கக் கூடாது. கூடு கட்டும் பருவத்தில் நீரைச் சட்டென்று வடிக்காதிருக்கக் குத்தகை ஒப்பந்தத்திலேயே விதி வேண்டும். அந்த விதியால் குத்தகைதாரருக்கு நட்டம் வந்தால் ஈடு தர வேண்டும். நீலத் தாழைக்கோழியும் மயிலும் அழித்த பயிருக்கு விவசாயி அலையாமல் இழப்பீடு பெற வேண்டும். பறவையைக் காப்பதன் செலவை ஏழை உழவர் தலையில் கட்டிவிட்டு, பறவையைப் பார்க்கும் இன்பத்தை மட்டும் நகரம் எடுத்துக்கொள்வது எந்த நியாயத்திலும் சேராது.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பதென்று உடன்பட்டன. இதைக் காட்டி இன்னும் பல வேலிகளுக்குத் திட்டம் தீட்டப்படலாம். ஆனால் அதே உடன்பாடு பழங்குடிகள், உள்ளூர்ச் சமூகங்களின் உரிமைகளை மதித்தே அதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 5 விழுக்காட்டிலிருந்து 30க்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்னும் பல லட்சம் மக்களை அவர்கள் காத்துவந்த நிலத்திலிருந்தே அந்நியராக்குவது. அதற்கு இந்த நாட்டில் இடமும் இல்லை, நியாயமும் இல்லை. அப்படிக் காத்த இடத்தில் உயிர் தங்குவதும் இல்லை என்று கேவலாதேவ் காட்டிவிட்டது. மற்றொன்று, அவர்கள் ஏற்கெனவே காத்துவரும் ஏரியையும் குன்றையும் பாதுகாக்கப்பட்டவை என்று ஏற்று, காப்பதற்கான அதிகாரத்தையும் பணத்தையும் அவர்கள் கையில் கொடுப்பது.

இரண்டாவது வழி மெதுவானது. கூட்டம் கூட வேண்டும், சண்டை வரும், ஒரு துறை இன்னொரு துறைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அதிகாரி ஒருவர் மேய்ப்பரின் பேச்சைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலி போடுவது இதைவிட எளிது. ஒரே டெண்டரில் முடிந்துவிடும். அந்த எளிமைதான் நம்மை இத்தனை காலமாக ஏமாற்றிவருகிறது. பறவையை நேசிப்பவர்கள் இனி அரசிடம் வேலி கேட்பதை நிறுத்த வேண்டும். ஊருக்கு அதிகாரம் கேட்க வேண்டும். அந்த அதிகாரத்தில் நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் பங்கு கேட்க வேண்டும். அப்படி அமையும் மன்றத்தில் தாங்களும் ஓர் உறுப்பினராக, மற்றவருக்குச் சமமாக, உட்காரத் தயாராக வேண்டும்.